பொன்னோலையும் பனையோலையும்



பழங்காலத்துக் கடிதங்களைப் பற்றி இன்று சிறிது நேரம் உங்களோடு பேச எண்ணுகிறேன். பொருள் பழமையானது, ஆயினும் என் பேச்சு எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து தொடங்குகிறது.

கோலார் தங்கவயலில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில், அடுப்படிக்குப் போகும் வாயிற்படியின் அருகே ஒரு கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. அதன் அடியில் வட்டமான ஒரு மரத்துண்டு. மேலே ஆணியில் மாட்டுவதற்கு ஒரு வளைவு. தபாற்காரர் கொடுத்த கடிதத்தைப் படித்து முடித்ததும் அந்தக் கம்பியில் குத்திவிடுவது வழக்கம். அடியில் இருப்பது பழையது; மேலே இருப்பது புதியது. உங்களிற் பலருடைய வீடுகளிலும் இத்தகைய கம்பி ஒன்று இருந்திருக்கும். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்து மண்ணுக்கடியில் இறங்கிய மக்களுக்கு, விட்டு வந்த ஊரோடு இருந்த உறவெல்லாம் பெரும்பாலும் அந்தக் கம்பியில்தான் இருந்தது.

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் எங்கள் வரிசையில் பலர். பன்னிரண்டு வயதில் அவர்களுக்கெல்லாம் நான் கடிதம் எழுதிக் கொடுப்பேன். ஒருநாள் பக்கத்து வீட்டு அத்தை ஓர் இன்லண்டு உறையைக் கொண்டுவந்து, ஊரிலிருக்கும் தம் தாயாருக்கு எழுதச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் கற்ற முறைப்படி, “இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடம் தங்கள் க்ஷேமத்திற்கு எழுதவும். நிற்க” என்று தொடங்கினேன். படித்துக் காட்டியபோது அவர்கள், “யாரைத் தம்பி நிக்கச் சொல்றே?” என்று கேட்டுச் சிரித்தார்கள். பிறகு தாம் சொல்ல விரும்பியதைச் சொன்னார்கள்: “அவரு கூண்டுல எறங்கிப் போனா, மேல ஏறி வர்ற வரைக்கும் எனக்குச் சோறு எறங்கலைன்னு எழுது.” நானோ, “மாமா நாள்தோறும் நலமாக வேலைக்குச் சென்று வருகிறார்கள்” என்று எழுதினேன். வயதான தாயாரைக் கலங்கச் செய்வானேன் என்பது என் எண்ணம். அழகான வாக்கியம் என்னும் பெருமையும் உடன் இருந்தது.

அத்தை அதைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்கள். “எழுத்தெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல என்னையக் காணோமே, தம்பி” என்றார்கள். வேறோர் உறை வாங்கி வந்து, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன்.

இன்று மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் நான் மொழிபெயர்ப்பாளன். ஒருவர் சொல்லை மற்றொருவர் அறியுமாறு எழுதுவதே என் தொழில். அந்த அத்தை கேட்ட கேள்வியை, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் எழுதப்பட்ட தமிழ்க் கடிதங்கள் சிலவற்றைப் பற்றிப் படித்தபோது மறுபடியும் எதிர்கொண்டேன். அவை தரங்கம்பாடியிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற கடிதங்கள்.

சோழநாட்டுக் கடற்கரையில் காவிரி கடலோடு கலக்கும் பகுதியில் உள்ள சிற்றூர் தரங்கம்பாடி. 1620ஆம் ஆண்டில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர், டென்மார்க்கு நாட்டிலிருந்து வந்த வணிகர்க்கு அங்கே கோட்டை கட்டவும் வாணிகம் செய்யவும் இசைவு தந்தார். அவ்வாண்டில் அவர் டென்மார்க்கு மன்னர் நான்காம் கிறிஸ்தியானுக்கு ஒரு கடிதம் விடுத்தார். அது பொன் தகட்டில் தமிழ் எழுத்துக்களால் பொறிக்கப்பட்டது. மன்னரின் கையொப்பம் மட்டும் தெலுங்கில் அமைந்தது. அந்தப் பொன்னோலை இன்றும் கோபன்ஹேகன் நகரில், டென்மார்க்கு அரசின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. நான்கு நூற்றாண்டுகள் கடந்தும் எழுத்து அழியவில்லை. பொன்னின் இயல்பு அது. துரு ஏறாது, செல் அரிக்காது. தங்கவயலில் பிறந்தவனுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

மன்னர் பொன்னில் எழுதினார். அதே தரங்கம்பாடியிலிருந்து ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் மற்றவர்கள் எழுதிய கடிதங்கள் என்னவாயின என்று பார்ப்போம்.

1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், சீகன்பால்கு என்னும் இளைஞர் தம் தோழர் ஒருவருடன் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் 1682இல் பிறந்தவர். டென்மார்க்கு மன்னரால் சமயப் பணிக்கென அனுப்பப்பட்டவர். வந்தவர் முதலிற் செய்த வேலை தமிழ் கற்றதே. வயது முதிர்ந்த தமிழாசிரியர் ஒருவரைத் தம் இல்லத்தில் பள்ளி நடத்தச் செய்து, சிறுவர்களோடு தாமும் அமர்ந்து மணலில் விரலால் எழுதி அகரம் முதலாகக் கற்றுக்கொண்டார். சில ஆண்டுகளில் ஐரோப்பாவிலிருந்து அச்சுப்பொறியும், ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துக்களும் வந்து சேர்ந்தன. தமிழ் அச்சுக் கலையின் வரலாற்றில் அவ்வூருக்குத் தனியிடம் உண்டு.

நம் மக்கள் என்ன எண்ணுகிறார்கள், எவ்வாறு வாழ்கிறார்கள் என்பதை அவர்கள் வாயிலாகவே அறிய வேண்டுமென்று சீகன்பால்குவும் அவருடைய உடன் ஊழியர் குருண்ட்லரும் விரும்பினர். 1712 முதல் 1714 வரை தமிழர்களுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பி, எழுத்தில் விடை பெற்றனர். கடவுள் ஒருவரா பலரா? விரதம் ஏன் இருக்கிறீர்கள்? திருமணம் எவ்வாறு நடக்கிறது? நோய்க்கு மருந்து யாது? வழக்குகளைத் தீர்ப்பது எப்படி? எங்களைப் பற்றி உங்கள் எண்ணம் என்ன? இத்தகைய கேள்விகளுக்கு வந்த விடைகளுள் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியிற் பெயர்க்கப்பட்டு, 1714இலும் 1717இலும் ஹாலே நகரில் அச்சாகி வெளிவந்தன. லண்டனில் 1717இல் பிலிப்ஸ் என்பவர் அவற்றுட் சிலவற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையும் ‘மலபாரிகள்’ என்றே குறித்தமையால், இவை ‘மலபார்க் கடிதங்கள்’ எனப் பெயர் பெற்றன.

இக்கடிதங்களை எழுதியவர்கள் அஞ்சி எழுதவில்லை. கேட்டவர்கள் தங்கள் சமயமே உயர்ந்தது என்னும் உறுதியோடு கேட்டார்கள். விடையளித்தவர்களோ நிதானமாகத் தங்கள் நெறியை விளக்கினார்கள். நல்வினை செய்தவன் எக்குலத்தவனாயினும் நற்கதி அடைவான் என்று கூறினார்கள். உங்கள் வேதம் நல்லதாக இருக்கலாம். ஆனால் அதைக் கைக்கொண்டவர்கள் குடித்துத் திரிவதையும், தூய்மையின்றி நடப்பதையும், பசுவின் இறைச்சியை உண்பதையும் நாங்கள் கண்ணாரக் காண்கிறோமே என்று எடுத்துக்காட்டினார்கள். கோட்டையும் பீரங்கியும் எதிர்த்தரப்பில் இருக்க, ஓலையும் எழுத்தாணியும் மட்டும் உடையவர்கள் இவ்வாறு மறுமொழி தந்தது எண்ணிப் பார்க்கத்தக்கது. அதை மறைக்காமல் பெயர்த்துத் தம் நாட்டுக்கு அனுப்பியவர்களின் நேர்மையையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆயினும் நேயர்களே, அந்த 99 கடிதங்களின் தமிழ் மூலம் நமக்குக் கிடைக்கவில்லை. இருப்பவை ஜெர்மன் மொழிபெயர்ப்பும் அதன் வழி வந்த பிற மொழிபெயர்ப்புகளும்தாம். தமிழர் தமிழில் எழுதியதை, இன்று தமிழர் அறிய வேண்டுமாயின் ஜெர்மனிலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ திரும்பவும் தமிழாக்க வேண்டும். சட்டம் என்று பொருள்படும் ஒரு ஜெர்மன் சொல் அங்கே வருமாயின், எழுதியவர் தம் ஓலையில் ‘வேதம்’ என்று எழுதினாரா, ‘நெறி’ என்று எழுதினாரா, ‘முறைமை’ என்று எழுதினாரா? இம்மூன்றும் ஒன்றல்ல. ஒரு சொல் மாறினால் அவருடைய வாதமே மாறிவிடும். எழுத்து இருக்கிறது, எழுதியவரைக் காணோம். எங்கள் அத்தை சொன்னது இதைத்தான்.

எழுதியவர்களுடைய பெயர்களும் அச்சிடப்படவில்லை. இவற்றுட் பெரும்பகுதியை ஒருவரே எழுதியிருக்கக்கூடும் என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். ஜெர்மானியர் அவரை ‘அலெப்பா’ என்று குறித்திருக்கின்றனர். அழகப்பன் என்பது அப்பெயரின் தமிழ் வடிவமாகலாம். போர்த்துக்கீசியம் முதலிய ஐரோப்பிய மொழிகள் அறிந்தவர். சீகன்பால்குவுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்து தமிழ் கற்கத் துணைசெய்தவர். பின்னர்த் தரங்கம்பாடியிலிருந்து விலக்கப்பட்டவர். இரு தரத்தாரின் சொற்களையும் சுமந்து நின்ற அம்மனிதரின் சொந்தச் சொல் ஒரு வரியேனும் அவர் எழுதியவாறு நம் கையில் இல்லை. ஒரே தொழிலைச் செய்பவன் என்ற முறையில் இது எனக்கு வருத்தம் தருகிறது.

பனையோலையின் இயல்பை நாம் அறிவோம். எழுத்தாணியால் கீறி, கரி தடவிப் படிப்பார்கள். ஈரமும் பூச்சியும் அதற்குப் பகை. சில தலைமுறைகளுக்கு ஒருமுறை புதிய ஓலையில் பெயர்த்து எழுதினால்தான் நிலைக்கும். இலக்கியத்தையும் வைத்தியத்தையும் சோதிடத்தையும் அவ்வாறு பெயர்த்து எழுதினார்கள். கடிதத்தை யார் பெயர்த்து எழுதுவார்? படித்ததும் அதன் வேலை முடிந்தது என்பது பொதுவான எண்ணம். மன்னருடைய கடிதமோ பொன்னில் எழுதப்பட்டது. மற்றொரு மன்னரின் கருவூலம் அதைப் பாதுகாத்தது.

கடல் கடந்த மற்றொரு கடிதத்தையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன். தரங்கம்பாடியில் டேனியர் குடியேறியதற்குப் பத்தாண்டுகள் பிந்தி, 1630இல், அமெரிக்கக் கரையில் ஆங்கிலேயர் அமைத்த ஊர் பாஸ்டன். அவ்வூரைச் சேர்ந்த காட்டன் மேதர் என்னும் சமய போதகர், தரங்கம்பாடியில் நடக்கும் பணியைக் கேள்வியுற்று, 1717இல் சீகன்பால்குவுக்குக் கடிதம் எழுதினார். பாய்மரக் கப்பல்களின் காலம். இரு பெருங்கடல்களைத் தாண்ட வேண்டும். சீகன்பால்கு விடையெழுதுவதற்கு முன்பே, 1719ஆம் ஆண்டு பிப்ரவரியில், முப்பத்தாறாம் வயதில் மறைந்துவிட்டார். விடையைக் குருண்ட்லர் எழுதினார்; அவரும் 1720இல் காலமானார். 1721இல் மேதர் அவ்விரு கடிதங்களையும் பாஸ்டனில் நூலாக அச்சிட்டார். கடிதத்துக்கு உரியவரும் இல்லை. மறுமொழி எழுதியவரும் இல்லை. ஆயினும் ஒருவர் பாதுகாத்து அச்சிட்டமையால், தரங்கம்பாடிக்கும் பாஸ்டனுக்கும் இடையே நடந்த உரையாடலை நாம் இன்று படிக்க முடிகிறது.

இனித் தங்கவயலுக்குத் திரும்புவோம். எங்கள் ஊரும் எழுத்தினாற் பிறந்த ஊர்தான். 1802இல் நில அளவைப் பணிக்காக வந்த வாரன் என்னும் இராணுவ அதிகாரி, மாரிக்குப்பத்துப் பக்கத்து மக்கள் மண்ணை அலசிப் பொன்துகள் எடுப்பதைக் கண்டு குறிப்பு எழுதினார். அக்குறிப்பை 1871இல் படித்தவர், பெங்களூரில் தங்கியிருந்த லாவெல் என்னும் அயர்லாந்துக்காரர். ஓய்வு பெற்ற போர்வீரர். அவர் நேரில் வந்து பார்த்து, 1873இல் மைசூர் அரசுக்கு ஒரு விண்ணப்பக் கடிதம் எழுதினார். 1875இல் உரிமம் கிடைத்தது. பின்னர்க் கம்பெனிகள் வந்தன. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி பொறுப்பேற்றது. சில ஆண்டுகளில் பொன் மிகுந்த பாறைத்தொடரும் அகப்பட்டது. 1902இல் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் வந்து சேர்ந்தது. சுரங்கம் 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. மூடப்படும் வரையில் ஏறக்குறைய 800 டன் தங்கம் அங்கிருந்து எடுக்கப்பட்டதாகச் சொல்வர்.

வாரனின் குறிப்பு நிலைத்திருக்கிறது. லாவெலின் விண்ணப்பமும் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. எடுத்த தங்கத்துக்குக் கம்பெனிக் கணக்கு உண்டு. இவற்றை வைத்துக்கொண்டு சுரங்கத்தின் வரலாற்றை எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் அதன் ஆழத்தில் இறங்கியவன் தன் ஊருக்கு என்ன எழுதினான்? பூமிக்கடியிற் பாறை வெடித்து வீட்டுப் பாத்திரங்கள் அதிர்ந்த இரவில், அவன் மனைவி தன் தாயாருக்கு என்ன சொல்லி எழுதச் சொன்னாள்? இவற்றுக்கு விடை கம்பெனிக் கணக்கில் இராது. அது கம்பிகளில் குத்தப்பட்டிருந்தது.

இப்போது என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. சங்கு ஊதினால் விழித்து, சங்கு ஊதினால் உண்டு பழகிய ஊர் திகைத்து நின்றது. பலர் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கினர். சிலர் குடும்பத்தோடு வெளியேறினர். நாங்களும் வெளியேறினோம். வீட்டைக் காலி செய்த நாளில், பழைய தாள்களை எடைக்குப் போடும் பொறுப்பு என்னுடையது. செய்தித்தாள்களைக் கட்டினேன், என் பாடப்புத்தகங்களைக் கட்டினேன், கம்பியிலிருந்த கடிதங்களையும் உருவி அவற்றோடு சேர்த்துக் கட்டினேன். அப்போது நான் கல்லூரியில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன்! அரசர்களின் கல்வெட்டுகளுக்கு ஆண்டு சொல்லத் தெரிந்தவனுக்கு, தன் பாட்டியின் கடிதமும் ஓர் ஆவணம் என்பது தோன்றவில்லை.

புது வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்து, என் தந்தையார் சுவரில் ஓர் ஆணி அடித்துவிட்டு, “அந்தக் கம்பி எங்கேப்பா?” என்று கேட்டார்கள். நான் சொன்னேன். அவர்கள் கோபிக்கவில்லை. “சரி, இனிமே யாரு எழுதப்போறாங்க” என்று சொல்லிவிட்டு, அந்த ஆணியில் நாட்காட்டியை மாட்டினார்கள். அக்கடிதங்களுள், முப்பதாண்டுகள் சுரங்கத்தில் இறங்கிய அவர்களுக்கு அவர்கள் தாயார் எழுதுவித்தவையும் இருந்தன. அவற்றில் இருந்தது என்ன என்று இன்று யாரிடம் போய்க் கேட்பேன்?

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நேயர்களுக்கு இதை நான் தனியே எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெங்களூரிலும் பம்பாயிலும் தில்லியிலும் வளரும் நம் பிள்ளைகளுட் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. கையெழுத்தைப் படிப்பது அதனினும் அரிது. ஆகவே தாத்தாவின் கடிதம் பெட்டியில் பத்திரமாக இருந்தாலும், பேரனுக்கு அது பேசாத ஓலைதான். பூச்சி அரிக்காமலே அழியக்கூடிய கடிதங்கள் இவை.

எனவே மூன்று வேண்டுகோள். முதலாவது, உங்கள் வீட்டில் பழைய கடிதம் ஒன்றேனும் இருக்குமாயின், எழுதியவர் யார், பெற்றவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதை ஒரு தனித்தாளில் எழுதி அதனுடன் வையுங்கள். தரங்கம்பாடிக் கடிதங்களை எழுதியவர்களின் பெயரின்றி நாம் படும் இடரை உங்கள் பேரப்பிள்ளைகள் பட வேண்டாம்.

இரண்டாவது, அதைப் பிள்ளைகளுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். கையடக்கப் பேசியில் படம் எடுத்து வைப்பது நல்லது. படிக்கும் குரலையும் அதிற் பதிந்து வைப்பது அதனினும் நல்லது. இக்காலத்தில் பெயர்த்து எழுதுவது என்பது இதுவே.

மூன்றாவது, ஒரு மொழிபெயர்ப்பாளனின் வேண்டுகோள். ஆங்கிலத்திலோ இந்தியிலோ கன்னடத்திலோ பிள்ளைகளுக்கு அதன் பொருளைச் சொல்லும்போது அதைத் திருத்தாதீர்கள். பிழை இருந்தால் இருக்கட்டும். வசை இருந்தால் அதுவும் இருக்கட்டும். “சோறு இறங்கவில்லை” என்று ஒருத்தி சொல்லியிருந்தால், “கவலையாக இருக்கிறது” என்று சொல்லிவிடாதீர்கள்.

அத்தை இன்று இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஊரில் ஒரு திருமணத்தில் அவர்களுடைய மகனைச் சந்தித்தேன். அவருடைய பாட்டி இறந்தபோது, தலைமாட்டிலிருந்த தகரப்பெட்டியில் வெற்றிலைப்பாக்கோடு சில இன்லண்டு கடிதங்களும் இருந்தன என்றும், அவற்றைத் தாம் எடுத்து வைத்திருப்பதாகவும் அவர் கூறினார். அவற்றுள் ஒன்றைத் தம் கைப்பேசியில் எனக்குக் காட்டினார். என் கையெழுத்து, பன்னிரண்டு வயதுப் பையனின் கோணல் எழுத்து. க்ஷேமம் விசாரிக்கும் வரிகளோ ‘நிற்க’வோ அதில் இல்லை. அத்தை சொன்னபடியே இருந்தது. நான் அதைப் படிக்க, அவர் தம் பெண் குழந்தையை அருகே அழைத்துக் கேட்கச் சொன்னார். கன்னடப் பள்ளியிற் படிக்கும் அந்தச் சிறுமி, “இது எங்க ஆயா பேசுறதா?” என்று கேட்டாள். ஆம் என்றேன்.